இழந்த கையும் இரவல் கையும்

2024ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் அமெரிக்காவில், விபத்தொன்றினால் தோளுக்குக் கீழே அசைவற்றுப் போயிருந்த ஒரு வாலிபரின் மூளையில் நுண்ணிய மின்சாரக் கருவி பொருத்தப்பெற்றது. இரண்டு மாதங்களுக்குள் அவர் விரலொன்றையும் அசைக்காமல், நினைத்த மாத்திரத்தில், கம்ப்யூட்டர் திரையில் சதுரங்கக் காய்களை நகர்த்தியதை உலகம் கண்டு வியந்தது. மனிதன் இழந்த சக்தியை யந்திரத்தினால் மீட்டுத் தரும் சாஸ்திரம் இவ்வளவு தூரம் வளர்ந்திருப்பது குறித்து மகிழாதார் யார்? ஆயினும், இத்தகைய செய்திகளைப் படித்துப் பத்திரிகையை மடித்து வைக்கும்போது, நமது சேலம் நாமக்கல் ஜில்லாக்களில் கையையோ காலையோ இழந்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளியையும் ஒரு கணம் நினைத்துப் பார்க்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். அந்த அதிசயத்துக்கும் இந்தத் திண்ணைக்கும் நடுவே உள்ள தூரம் எவ்வளவு? அதைக் கடப்பது எங்ஙனம்? இதுவே இன்று நாம் ஆராயப் புகுந்த விஷயம்.

நமது சமவெளி உழைப்பாளிகளின் நாடு. காச்மீரத்திலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை சேலத்தையும் நாமக்கல்லையும் ஊடுருவிச் செல்கிறது. நாமக்கல்லில் கூடு கட்டிய லாரிகளும், அவ்வூராரின் எரிவாயு டாங்கர்களும் தேசத்தின் மூலைமுடுக்கெல்லாம் ஓடுகின்றன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்குழாய்க் கிணறு தோண்ட வடதேசம் வரை போகின்றன. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறிகளின் ஓசை இரவிலும் ஓய்வதில்லை. ஜவ்வரிசி ஆலைகளும், கல்குவாரிகளும், வெள்ளிப் பட்டறைகளும் எண்ணற்ற குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. கை கால்களின் பலத்தால் வாழும் இப்பிரதேசத்தில், கை கால்களுக்கு நேரும் ஆபத்தும் அதிகமென்று சொல்லவும் வேண்டுமோ? சாலையில் மோதும் வண்டியும், உறையிடாத பல்சக்கரமும், அறுந்து தெறிக்கும் கம்பியும் ஒரு நிமிஷத்தில் ஒரு ஜீவனத்தை அழித்துவிடுகின்றன. இவற்றுக்கெல்லாம் மேலாக, சத்தமின்றிக் காலை வாங்கும் சத்துருவொன்றும் உண்டு, அது நீரிழிவு. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்கின்றனர் என்று 2023ல் வெளியான அகில இந்திய ஆராய்ச்சியொன்று கணக்கிட்டது. உணர்ச்சி மழுங்கிய பாதத்தில் முள் தைத்தாலும் தெரிவதில்லை. புண் புரையோடிய பிறகே தெரிகிறது. அப்போது வைத்தியர் கத்தியை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லாமற் போகிறது.

2011ஆம் வருஷத்து ஜனக்கணிதப்படி இந்தியாவில் உடற்குறையுள்ளோர் 2 கோடி 68 லட்சம் பேர். அவர்களில் நடமாட்டக் குறையுள்ளோர் மட்டும் 54 லட்சத்துக்கு மேல். உலக சுகாதார ஸ்தாபனமும் யூனிசெப்பும் 2022ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 250 கோடி ஜனங்களுக்கு ஏதேனுமொரு துணைக்கருவி தேவையென்றும், தேவைப்படுவோரில் செல்வ தேசங்களில் 100க்கு 90 பேர் வரை அதைப் பெறுகையில், சில ஏழைத் தேசங்களில் 100க்கு 3 பேரே பெறுகின்றனர் என்றும் கூறுகிறது. ஆக, குறை சாஸ்திரத்தில் இல்லை. அது ஜனங்களிடம் வந்து சேரும் வழியில் இருக்கிறது.

இவ்விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது? 1923ல் இயற்றப்பெற்ற தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில், பின்னர் திருத்தப்பெற்ற வடிவில், ஓர் அட்டவணை இருந்தது. ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 100க்கு 14 போயிற்று; கட்டை விரல் போனால் 30; ஒரு கை போனால் 60; இரு கைகளும் போனால் 100. அச்சட்டம் 2025 நவம்பர் 21ஆம் தேதி அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கிவிட்ட போதிலும், அவயவத்தை நூற்றுவீதத்தில் அளக்கும் முறை தொடர்ந்தே வருகிறது. கோர்ட்டுக்கு ஏதேனுமோர் அளவுகோல் வேண்டுமாதலால் இக்கணக்கை நாம் பழிக்கவில்லை. ஆனால் அளவுகோல் ஒருபோதும் ஆள் ஆகாது. இதனை நமது சுப்ரீம் கோர்ட்டே 2010ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் தெளிவாய் எடுத்துரைத்தது. இடக்கை போன ஒருவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய ஜீவனம் ஏறக்குறைய முழுவதுமே போய்விடுகிறது. சர்க்கார் குமாஸ்தாவாயிருந்தால் உத்தியோகம் போகாமலும் இருக்கலாம். ஆகவே அவயவத்தை மட்டும் பாராமல் அவர் செய்த தொழிலையும் பார்க்க வேண்டுமென்பது அத்தீர்ப்பின் சாரம். 2022ல் வேறொரு சாலை விபத்து வழக்கில் அதே கோர்ட்டு இன்னும் ஓரடி முன்சென்றது. செயற்கைக் கால் சாசுவதமானதன்று. ஐந்தாறு வருஷங்களில் தேய்ந்து மாற்ற வேண்டியதாகும். இடையிடையே பழுதுபார்க்கவும் செலவாகும். அச்செலவும் நஷ்டஈட்டில் சேர வேண்டும் என்று அது கண்டது. பழுதுபார்த்தல் என்ற இந்த ஒரு சொல்லை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் கூறப்போவது அனைத்தும் இதனைச் சுற்றியே நிற்கிறது.

நிற்க. செயற்கைக் கால் நமது தேசத்துக்கு வந்த வரலாற்றைச் சற்று நோக்குவோம். இரண்டாம் உலக யுத்தத்தில் அவயவமிழந்த சிப்பாய்களுக்காக 1944ல் பூனாவில் செயற்கை அவயவ நிலையம் ஏற்பட்டது. மேனாட்டில் வழங்கிய கால் பூட்ஸ் அணிந்து, நாற்காலியில் அமர்ந்து, கல் பாவிய வீதியில் நடப்பவருக்காக அமைந்தது. அதன் கணுக்கால் அசையாது. அதைப் பூண்ட உழவன் வரப்பில் நடக்க இயலாது. சேற்றில் இறங்க இயலாது. சம்மணமிட்டுச் சோறுண்ண இயலாது. குந்தியமர்ந்து காலைக்கடன் கழிக்கவும் இயலாது. காலைக் கொடுத்து, நம் ஊர் வாழ்க்கையைப் பிடுங்கிக்கொண்ட கால் அது. பெற்றவர்களில் பலர் அதைப் பரண்மேல் போட்டுவிட்டுக் கோலூன்றி நடந்ததில் வியப்பென்ன?

இக்குறையைத் தீர்த்தவர்கள் 1968ல் ஜெயப்பூரில் இருவர். ஒருவர் வைத்திய நிபுணர் பிரமோத் கரண் சேத்தி. மற்றவர் அதிகப் பள்ளிப்படிப்பில்லாத கைவினைஞர் ராமச்சந்திர சர்மா. சர்மா, லாரி டயருக்கு மறுரப்பர் போடும் பட்டறையில், சூட்டில் ரப்பர் இறுகி உறுதிப்படும் விதத்தைக் கண்டு, அதே முறையில் பாதம் செய்யலாமென்று யோசித்தார் என்று கூறுவார்கள். உள்ளே மரமும் மென்ரப்பரும், வெளியே தோல் நிறத்தில் வலிய ரப்பருமாக அமைந்த அப்பாதம், செருப்பில்லாமலே நடக்கும், நீரில் நனையும், மேடு பள்ளத்துக்கு ஏற்ப வளையும், குந்தியமர இடங்கொடுக்கும். சேத்தி இதற்குக் காப்புரிமை வாங்கிப் பூட்டி வைக்கவில்லை. 1975ல் தொடங்கிய பகவான் மகாவீர் சகாயத சமிதி இதை இலவசமாகவே லட்சக்கணக்கானோருக்கு அளித்து வந்திருக்கிறது. 1981ல் சேத்திக்கு மக்ஸேஸே பரிசு கிடைத்தது.

இதில் நமது ஜில்லாக்காரர்கள் கவனிக்கத்தக்க பாடமொன்று உண்டு. உலகம் போற்றும் இப்பாதத்தின் பிறப்பில் டயர்ப் பட்டறைக்கும் பங்குண்டு. அத்தகைய பட்டறை நாமக்கல்லில் எந்தத் தெருவில் இல்லை? இரும்பை வளைக்கவும், இணைக்கவும், இழைக்கவும் தெரிந்த கைகள் இங்கு ஆயிரமாயிரம். துருவேறாத எஃகுத் தகட்டுக்குச் சேலத்திலேயே பெரிய ஆலை இருக்கிறது. சேலத்துக் கொலுசு தேசமெங்கும் பெண்களின் கால்களை அலங்கரிக்கிறது. காலுக்கு அணி செய்யும் ஊருக்குக் காலையே செய்வது அசாத்தியமான காரியமாகுமோ?

ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். உலோகம் தெரிந்தவரெல்லாம் கால் செய்துவிட முடியாது. வெட்டுண்ட காலின் எஞ்சிய பாகம் அமரும் கூடு ஒரு நூலளவு பிசகினாலும் தோல் கன்றிப் புண்ணாகும்; சித்திரை வெயிலில் வியர்வை கோத்தால் இன்னும் விபரீதம். உடலமைப்பும் நடையின் இலக்கணமும் பயின்று, இந்திய மறுவாழ்வுக் கவுன்ஸிலில் பதிவு பெற்ற நிபுணரே அளவெடுத்துப் பொருத்த வேண்டும். ஜெயப்பூரின் வெற்றி வைத்தியரும் கைவினைஞரும் சமமாய் ஒரே மேஜையில் அமர்ந்ததால் வந்த வெற்றி. ஒருவரை நீக்கினால் மற்றவர் பயனற்றுப் போவார்.

நமது தமிழ்நாடும் இத்துறையில் பின்தங்கியதன்று. 1948ல் வேலூர்க் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, நல்ல தசைநாரை இடம் மாற்றிக் கட்டி நிமிர்த்தும் சிகிச்சையைத் தொடங்கினார். அங்கேயே, விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே சிகிச்சை செய்து, மறுவாழ்வு வைத்தியத்துக்கு இத்தேசத்தில் வழிகோலினார். ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், ஏவுகணைக்கென ஆக்கிய இலேசான பொருளைக் கொண்டு, போலியோவினால் கால் சூம்பிய குழந்தைகள் இழுத்து நடந்த மூன்று கிலோவுக்கு மேற்பட்ட இரும்புத் தாங்கிகளுக்குப் பதிலாக, சுமார் 300 கிராம் எடையுள்ள தாங்கிகளை ஹைதராபாத்தில் செய்வித்தார். சென்னை ஐ.ஐ.டி., பெங்களூர் மொபிலிட்டி இந்தியா முதலிய ஸ்தாபனங்களுடன் கூடி, 160 டிகிரி வரை மடங்கும் 'கதம்' என்னும் செயற்கை முழங்காலை 2022ல் வெளியிட்டது. பஸ்ஸிலும் ஆட்டோவிலும் ஏறி இறங்கும் நம்மவருக்கு மடங்கும் முழங்கால் எவ்வளவு அவசியமென்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, மின்சாரக் கையின் கதைக்கு வருவோம். தசை சுருங்கும்போது தோலின்மேல் மிக நுண்ணிய மின்சாரம் தோன்றுகிறது. வெட்டுண்ட கையின் எஞ்சிய தசையிலும் அது உண்டு. அதை உணர்கருவியொன்று பற்றி, பெருக்கி, சிறு மோட்டாருக்கு ஆணையாக அனுப்புகிறது. செயற்கை விரல்கள் மூடித் திறக்கின்றன. பார்க்க அற்புதம்தான். ஆனால் இவ்வற்புதத்தைப் பெற்றவர்களில் கணிசமானோர் சில காலத்தில் அதைக் கழற்றி வைத்துவிடுகின்றனர் என்பது உலகெங்கும் கண்ட அனுபவம். பாரம், புழுக்கம், தொடுவுணர்ச்சியின்மை, பழக்கிவிட ஆளின்மை, பழுதானால் மாதக்கணக்கில் காத்திருத்தல் ஆகியவையே காரணங்கள்.

இக்கடைசிக் காரணத்தின் கொடுமையை உலகுக்குக் காட்டிய சம்பவமொன்று உண்டு. அமெரிக்காவில் செகண்ட் ஸைட் என்ற கம்பெனி, பார்வையிழந்தோரின் விழித்திரையில் பதிக்கும் ஆர்கஸ் என்னும் மின்சாரக் கண்ணை உண்டாக்கி, 2013ல் அத்தேசத்துச் சர்க்காரின் அங்கீகாரமும் பெற்றது. 350 பேருக்கு மேல் அது பொருத்தப்பெற்றது. இருளில் வாழ்ந்தவர்கள் ஒளிப் புள்ளிகளைக் கண்டு கண்ணீர் வடித்தனர். 2019ல் கம்பெனி அக்கருவியை நிறுத்திவிட்டது. 2020ல் கைப்பணம் வற்றி, சிப்பந்திகளில் பெரும்பாலோரை விலக்கியது. கண் பெற்றவர்கள் கதியென்ன? பழுதானால் பார்ப்பாரில்லை, மாற்றுப் பாகமில்லை, தலைக்குள் இருக்கும் உலோகத்தின் விவரம் கேட்கவும் ஆளில்லை. லாபநஷ்டக் கணக்கு முடிந்ததும் மனிதரின் கண்ணும் மூடிற்று. சட்டப்படி கம்பெனி குற்றம் செய்ததோ இல்லையோ, தர்மத்தின்படி இதனினும் பெரிய நம்பிக்கைத் துரோகம் வேறில்லை.

இதிலிருந்து நாம் அறிவது யாது? பிறர் தயவில் இயங்கும் கை நமது கையன்று. அது இரவல் கை. அதன் சாவி ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ உள்ள கம்பெனியின் பெட்டியில் இருக்கிறது. நாமக்கல் லாரி பாட்னாவுக்கு அப்பால் நின்றுபோனால், டிரைவர் பக்கத்துப் பட்டறையில் அன்று மாலைக்குள் அதை ஓடச் செய்துவிடுகிறார். அதே டிரைவருடைய செயற்கைக் கையில் ஒரு கம்பி அறுந்தால் அவர் சென்னைக்குப் போக வேண்டும். அங்கிருந்து கருவி கடல் தாண்டினாலும் தாண்டலாம். லாரிக்கு உள்ள சுதந்திரம் மனிதன் கைக்கு இல்லாமற் போவதா? தேசத்துக்குச் சுயராஜ்யம் வந்து பல பத்தாண்டுகள் ஆயின. உடலுக்குச் சுயராஜ்யம் என்பது, தன் அவயவம் பழுதானால் தன் ஜில்லாவிலேயே அதைச் சீர்செய்துகொள்ளும் சக்திதான்.

"ஏழைக்கு ரப்பர்ப் பாதம் போதும், மின்சாரக் கை வேண்டாமென்று கூறுகிறீரோ?" எனச் சிலர் ஆட்சேபிக்கலாம். அல்லவே அல்ல. உயர்ந்த சாஸ்திரமும் சுதேசியாகலாமென்பதற்கு நம் கண்ணெதிரே சாட்சிகள் உள. கண்புரை நீக்கியபின் விழிக்குள் வைக்கும் லென்ஸு ஒருகாலத்தில் வெளிநாட்டுச் சரக்கு. ஏழைக்கு எட்டாத விலை. 1992ல் மதுரையில் அரவிந்த் கண் வைத்தியசாலையைச் சார்ந்த ஆரோலாப் அதைச் செய்யத் தொடங்கிய பின் அதன் விலை முன்னிருந்ததில் ஒரு சிறு பாகமாயிற்று. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிலையத்தில் உருவான இதய வால்வு 1990 டிஸம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பெற்று, பின்னர் ஏராளமானோரின் உயிரைக் காத்தது. ஆனால் லென்ஸையும் வால்வையும் நாள்தோறும் பழுதுபார்க்க வேண்டியதில்லை. கையும் காதும் அப்படியன்று. பிறவிச் செவிடான குழந்தைகளுக்கு உட்காதில் மின்சாரக் கருவி பதிக்கும் செலவைத் தமிழ்நாட்டின் காப்பீட்டுத் திட்டம் ஏற்றது மிகச் சிறந்த காரியம். எனினும் அக்குழந்தை காதில் மாட்டும் வெளிக்கருவிக்கு ஆயுள் முழுவதும் மின்கலமும் கம்பியும் மாற்றுப் பாகமும் வேண்டுமே! சிகிச்சை ஒரு நாளில் முடிகிறது. கடமை அன்றுதான் தொடங்குகிறது.

இதே குறையை வேறிடத்திலும் காண்கிறோம். சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரத்துச் சிகிச்சையை இலவசமாக்கும் திட்டம் 2021ல் தமிழ்நாட்டில் தொடங்கிற்று. உயிர் காத்தது, வாழ்த்துகிறோம். அந்த 48 மணிக்குப் பிறகு, ஒற்றைக் காலுடன் அவர் வாழப்போகும் 48 வருஷங்களுக்கு என்ன ஏற்பாடு? தொழிலாளர் காப்பீட்டு ஸ்தாபனம் தன் அங்கத்தினருக்குச் செயற்கை அவயவம் அளிக்கிறது. ஆனால் நாலைந்து பேர் வேலை செய்யும் தறிக்கூடத்துக்கும், சொந்த லாரி ஓட்டும் டிரைவருக்கும் அந்நிழல் பெரும்பாலும் எட்டுவதில்லை. 2016ஆம் வருஷத்து உடற்குறையுள்ளோர் உரிமைச் சட்டம், மறுவாழ்வுச் சேவைகளை அளிப்பது சர்க்காரின் கடமை என்கிறது. உடனே, பொருளாதார சக்திக்கு உட்பட்டு, என்று வாலையும் சேர்த்திருக்கிறது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு கடமையிலிருந்து தப்ப எந்த உத்தியோகஸ்தருக்கும் ஜனங்கள் இடங்கொடுக்கலாகாது. முகாம் நடத்தி, மாலை மரியாதையுடன் கால் வழங்கிப் படம் பிடித்துக்கொள்வதோடு காரியம் முடிந்ததாக எண்ணும் வழக்கமும் ஒழிய வேண்டும். ஆறாம் மாதத்தில் அந்தக் கால் எங்கே இருக்கிறது, காலிலா, பரணிலா என்று விசாரிப்பதே உண்மையான கணக்கு.

ஆகவே நாம் வற்புறுத்துவன நான்கு. முதலாவது, சேலத்திலும் நாமக்கல்லிலும் உள்ள சர்க்கார் வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் அளவெடுக்கவும், பொருத்தவும், நடை பழக்கவும், பழுதுபார்க்கவும் போதிய ஆட்களுடன் அவயவப் பட்டறை நாள்தோறும் இயங்க வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு அதன் நிபுணர்கள் குறித்த நாளில் சுற்றி வர வேண்டும். இரண்டாவது, பொதுப்பணத்தில் வாங்கும் எந்தக் கருவிக்கும், இன்ன வருஷம் வரை மாற்றுப் பாகமும் பழுதுபார்ப்பும் இம்மாகாணத்துக்குள்ளேயே கிடைக்குமென்ற உடன்படிக்கை இருக்க வேண்டும். கம்பெனி மூடினால் அதன் அமைப்பு விவரங்கள் சர்க்கார் வசம் வர வேண்டும். மூன்றாவது, நமது வக்கீல் சகோதரர்கள் ஒவ்வொரு விபத்து வழக்கிலும் செயற்கை அவயவத்தின் விலையோடு அதை மாற்றும் செலவையும் பராமரிப்பையும் தவறாது கோர வேண்டும். சுப்ரீம் கோர்ட்டு திறந்து வைத்த கதவை நாம் தட்டாதிருப்பது நமது குற்றம். நான்காவது, லாரிக் கூண்டு கட்டுவோரும், பட்டறை முதலாளிகளும் தங்கள் பிள்ளைகளில் கைத்திறனுள்ளோரைச் செயற்கை அவயவக் கல்விக்கு அனுப்ப முன்வர வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒன்றுண்டு. இழந்த கையைத் தருவதினும் இருக்கிற கையைக் காப்பது எளிது. யந்திரத்தின் சக்கரத்துக்கு உறை போடச் சில நூறு ரூபாய் போதும். நீரிழிவுள்ளவர் தினந்தோறும் பாதத்தைப் பார்த்துக் கழுவி, மெத்தென்ற செருப்பணிவதற்கு அதுவும் வேண்டாம். தொண்டர்கள் இச்செய்தியைத் தறிக்கூடம் தோறும், கிராமம் தோறும் கொண்டு செல்லலாம்.

மூளையின் நினைப்பால் சதுரங்கம் ஆடும் காலம் வந்துவிட்டது, வரட்டும். ஆனால் பள்ளிபாளையத்துத் தறிக்காரர் தமது புதிய கையால் அறுந்த இழையை முடிந்துவிட்டு, அக்கையில் ஏதேனும் பழுதானால் சைக்கிளில் சென்று மாலைக்குள் சரிசெய்துகொண்டு வீடு திரும்பும் நாளே நமக்கு அதிசய நாள். அந்நாளை வெளியிலிருந்து எவரும் கொண்டுவந்து தரப்போவதில்லை. வைத்தியரும், வக்கீலும், பட்டறைத் தொழிலாளியும், ஜனப்பிரதிநிதியும் ஒருங்கு கூடினால் அது தூரத்திலும் இல்லை.